காளான் அறைக்குக் குழாய்வழி விசிறி தேர்ந்தெடுத்தல்

சிப்பிக் காளான் பச்சையம் இல்லாத உயிரி. ஆகையால் அது செடிகளைப் போலக் கரியமில வாயுவை உட்கொண்டு உணவு ஆக்குவதில்லை. வைக்கோலின் நார்ப்பொருளைச் சிதைத்து உண்டு, மனிதரைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. தென்னங்கீற்று வேய்ந்த குடிலில் இந்த மூச்சுக்காற்று கீற்றிடுக்குகளின் வழியே தானாகவே வெளியேறிவிடுவதால், அங்கே விசிறி என்ற பேச்சு எழுவதில்லை. வித்திட்ட வைக்கோல் பைகளாகிய அதே படுக்கைகளை வீட்டின் ஓர் அறையிலோ, மாடியில் எழுப்பிய தகடு வேய்ந்த கொட்டகையிலோ தொங்கவிட்டு, ஈரப்பதம் குறையாமல் இருக்க இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்ட பிறகுதான், காற்றை இயந்திரத்தால் மாற்ற வேண்டிய தேவை பிறக்கிறது. அதற்கான கருவிகளுள் சந்தையில் இன்லைன் ஃபேன் என்று விற்கப்படும் குழாய்வழி விசிறியைப் பற்றியது இந்த இயல். இருபுறமும் குழாய் பொருத்தத்தக்க வட்ட உறைக்குள் மோட்டாரும் சுழலியும் அடங்கியிருக்க, ஒரு முனையில் காற்றை இழுத்து நேர்கோட்டில் மறுமுனையில் தள்ளுவது இதன் அமைப்பு.

காற்று போதாத அறையைக் கருவி எதுவும் இல்லாமலே படுக்கையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பாலித்தீன் பையில் இட்ட துளையிலிருந்து வெளிவரும் கொத்தில் தண்டுகள் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்து, அவற்றின் நுனியில் குடை சட்டைப் பொத்தான் அளவிலேயே நின்றுபோயிருக்கும். சில கொத்துகளில் குடை விரியாமல் ஊதுகுழலின் வாய்போல் மேல்நோக்கிக் குவிந்திருக்கும். காற்றோட்டமுள்ள இடத்தைத் தேடித் தண்டை நீட்டுவது இந்த உயிரியின் இயல்பு. புறக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கை ஒட்டி இருக்கிறது; இவ்வாறு பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளப்பதையே பிபிஎம் என்பர். மொட்டு விடும் பருவத்தில் வளர்ப்பறையில் இது 1000 பிபிஎம்மைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் வித்து பரவும் முதல் 15 முதல் 20 நாள்களில் காளான் இழைகள் இதைவிடப் பல மடங்கு மிகுந்த கரியமில வாயுவையும் தாங்கிக்கொள்ளும். ஆகவே வித்து பரவும் அறைக்கும் மொட்டு விடும் அறைக்கும் ஒரே அளவு விசிறி வாங்குவது வீண்செலவு. இரண்டு பருவத்தையும் ஒரே அறையில் நடத்துவது அதைவிடப் பெரிய தவறு.

எவ்வளவு காற்று வேண்டும்

விசிறியின் அளவைக் கணிக்கப் பெரும்பாலோர் கையாளும் முறை, அறையின் கொள்ளளவை ஒரு மணிக்கு இத்தனை தடவை மாற்ற வேண்டும் என்பதாகும். சிப்பிக் காளானுக்கு 4 முதல் 8 தடவை என்பது பரவலாக வழங்கும் கணக்கு. இது எளிதானது, ஆனால் ஒரு குறை உடையது: மூச்சு விடுவது படுக்கைகளே ஒழிய அறை அன்று. ஒரே அறையில் 50 படுக்கை தொங்கினாலும் 200 படுக்கை தொங்கினாலும் இம்முறை ஒரே விடையைத்தான் தரும். ஆகவே படுக்கைகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்கைத் தொடங்குவதே முறையாகும்.

ஒரு படுக்கையில் 1 கிலோ உலர்ந்த வைக்கோல் இருப்பதாகவும், அதில் 300 கிராம் 40 நாள்களில் மூச்சாகக் கரைந்துபோவதாகவும் கொள்வோம். நார்ப்பொருள் 1 கிராம் முழுதும் சிதைந்தால் ஏறத்தாழ 1.6 கிராம் கரியமில வாயு உண்டாகும் என்பது வேதியியல் கணக்கு. அதன்படி ஒரு படுக்கை 40 நாளில் வெளிவிடுவது அரைக்கிலோவுக்குச் சற்றே குறைவு, அதாவது மணிக்கு அரைக் கிராம், கன அளவில் கால் லிட்டரைவிடச் சிறிது கூடுதல். 100 படுக்கைக்கு இது மணிக்கு 28 லிட்டர் ஆகிறது. மொட்டுகள் ஒருசேரக் கிளம்பும் நாள்களில் மூச்சு சராசரியைப் போல் மும்மடங்கு ஆகலாம் என்று பாதுகாப்பாக வைத்துக்கொண்டால் 84 லிட்டர், அதாவது 0.084 கன மீட்டர். இதை உள்ளே அனுமதிக்கும் 1000 பிபிஎம்முக்கும் வெளியே உள்ள 420 பிபிஎம்முக்கும் இடையிலான 580 பிபிஎம்மால், பின்ன வடிவில் 0.00058-ஆல், வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 145 கன மீட்டர் புதுக்காற்று தேவை என்பது கிடைக்கிறது. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 34 கன மீட்டர்; 100 படுக்கைக்கு அதன் காற்றை மணிக்கு 4 தடவைக்குச் சற்று மேலாகவும், 200 படுக்கை தொங்கினால் எட்டரைத் தடவையும் மாற்ற வேண்டியிருக்கிறது. வழக்கத்தில் உள்ள விதி பொய்யன்று என்பதும், படுக்கை நெருங்க நெருங்க அது போதாது என்பதும் இதனால் விளங்கும். வைக்கோலின் அளவு மாறினால் கணக்கும் அதே விகிதத்தில் மாறும்.

இனி வரும் பகுதிகளில் 200 படுக்கை கொண்ட இந்த அறையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, தேவையை மணிக்கு 300 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கடைகளில் சில விசிறிகளுக்கு சி.எஃப்.எம். என்னும் அலகில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று, அளவு குறித்திருப்பார்கள், 1 சி.எஃப்.எம். என்பது மணிக்கு 1.7 கன மீட்டர் ஆகையால், 300 கன மீட்டர் என்பது ஏறத்தாழ 177 சி.எஃப்.எம். ஆகும்.

விளக்கொளியில் கீரையோ முளைக்கீரையோ வளர்ப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. செடி கரியமில வாயுவை உண்பது. அந்த அறையில் வெளியேற்ற வேண்டியது விளக்கின் வெப்பமே. அங்கே விளக்குகளின் மொத்த வாட் அளவை மூன்றால் பெருக்கி, புறக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலாக அறை இருக்கலாமோ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்குத் தேவையான கன மீட்டர் கிடைக்கும். 400 வாட் விளக்குக்கு 3 டிகிரி வேறுபாடு போதுமெனில் 400 கன மீட்டர். விசிறியைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இதற்குப்பின் வருவன இரண்டு வகை அறைக்கும் பெரும்பாலும் பொது.

பெட்டியில் உள்ள எண்ணும் அறைக்கு வரும் காற்றும்

விசிறி வாங்குவோர் பலர் ஏமாறும் இடம் ஒன்றே. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் காற்றளவு, முன்னும் பின்னும் எதுவும் பொருத்தாமல் திறந்தவெளியில் ஓடும் விசிறிக்கு உரியது. குழாய், வளைவு, வலை, வடிகட்டி ஆகிய ஒவ்வொன்றும் காற்றைத் தடுக்கும். அத்தடையை வென்று தள்ளுவதற்கு விசிறி தரவேண்டிய அழுத்தத்தை நிலையழுத்தம் என்றும், அதன் அலகைப் பாஸ்கல் என்றும் சொல்வர். 1 மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம் 9.8 பாஸ்கல் என்பதை நினைவில் கொண்டால் இந்த அளவுகள் எத்துணைச் சிறியவை என்பது புரியும்; ஆயினும் விசிறியைத் திணறடிக்க அவையே போதும். தடை கூடக்கூடக் காற்று எப்படிக் குறைகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை நல்ல தயாரிப்பாளர்கள் விவரத்தாளில் தருகிறார்கள். திறந்தவெளியில் மணிக்கு 520 கன மீட்டர் தள்ளும் 150 மில்லிமீட்டர் விசிறி ஒன்று, 100 பாஸ்கல் தடையில் 400 கன மீட்டராகவும் 200 பாஸ்கலில் 250 கன மீட்டராகவும் இறங்கி, 300 பாஸ்கலை நெருங்கும்போது காற்றே தள்ளாமல் வெறுமனே சுழல்வதாக அந்த வரைபடம் காட்டக்கூடும். வரைபடம் தர மறுக்கும் விசிறியை, விலை எவ்வளவு குறைவானாலும், வடிகட்டி பொருத்தும் அறைக்கு வாங்காமல் இருப்பதே அறிவுடைமை.

சுழலியின் வடிவம் இங்கே முக்கியம். சமையலறைச் சுவரில் பொருத்தும் எக்ஸாஸ்ட் ஃபேன், இறக்கைகளால் காற்றை நேராகத் தள்ளும் வகையைச் சேர்ந்தது. திறந்த சுவரில் அது தாராளமாகக் காற்று தரும், ஆனால் சில பத்துப் பாஸ்கல் தடைக்கே தளர்ந்துவிடும். மாவு ஆலையின் ஊதுவிசிறி போலக் காற்றை மையத்தில் இழுத்து விளிம்பில் வீசும் வகை அழுத்தம் மிகத் தரும், ஆனால் ஒலியும் மிகுதி. குழாய்வழி விசிறிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டின் இடைப்பட்ட கலப்பு வகை. வெளிச்சுவர் ஒட்டிய அறையில், வடிகட்டியும் குழாயும் இல்லாமல், கொசுவலை மட்டும் கட்டிக் காற்றை வெளியேற்றுவதே போதும் என்றால், குழாய்வழி விசிறிக்குச் செலவிட வேண்டியதே இல்லை. சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த வேலையைக் குறைந்த விலையில் செய்யும். குழாயும் வடிகட்டியும் வந்த பிறகுதான் அது பயனற்றுப்போகிறது.

குழாயின் விட்டத்தில் சிக்கனம் கூடாது. மணிக்கு 300 கன மீட்டர் காற்று 100 மில்லிமீட்டர் குழாயில் வினாடிக்கு 10.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. 150 மில்லிமீட்டரில் அது 4.7 மீட்டர், 200 மில்லிமீட்டரில் 2.7 மீட்டர். ஒரே அளவு காற்றுக்கு உராய்வுத் தடை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி மாறுவதால், 150-க்குப் பதிலாக 100 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால் தடை ஏழரை மடங்கு உயர்ந்துவிடும். அலுமினியத் தகட்டாலான மடிப்புக் குழாயைச் சுருங்கிய நிலையில் அப்படியே தொங்கவிடுவது பல அறைகளில் காணும் பிழை. அதை விறைப்பாக இழுத்து, மிகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும். வளைவுகள் இரண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதும், ஒவ்வொரு வளைவும் திருகலாக மடங்காமல் அகன்று திரும்புவதும் விசிறியின் அளவை ஒரு படி குறைக்க உதவும்.

இழுப்பதா, தள்ளுவதா

விசிறியை அறைக் காற்றை வெளியே இழுக்கவும் பொருத்தலாம், புதுக்காற்றை உள்ளே தள்ளவும் பொருத்தலாம். காளான் அறைக்குத் தள்ளும் முறையே சிறந்தது. இழுக்கும் அறையில் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவதால், கதவின் அடி, மின்கம்பித் துளை, சன்னல் சட்டத்தின் விரிசல் என எல்லா வழியாகவும் வடிகட்டாத காற்று நுழைகிறது. அதோடு படுக்கையில் முட்டையிட்டு இழைகளைத் தின்னும் கறுத்த சிறு காளான் ஈக்களும் நுழைகின்றன. தள்ளும் அறையில் அதே விரிசல்கள் காற்று வெளியேறும் வழிகளாகிவிடுகின்றன. இரண்டாவது காரணம் விசிறியின் ஆயுள். முற்றிய காளானின் குடையடியிலிருந்து ஸ்போர் எனப்படும் நுண்தூள் இடைவிடாது உதிர்கிறது. அறைக் காற்றை இழுக்கும் விசிறியைச் சில வாரம் கழித்துக் கழற்றிப் பார்த்தால், இறக்கைகளின் முன்விளிம்பில் அரிசி மாவைக் குழைத்துப் பூசியதுபோல் வெண்படலம் இறுகியிருக்கும். 85 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதத்தில் அது பிசுபிசுத்து, சுழலியின் சமநிலையைக் கெடுத்து, அதிர்வால் தாங்கியைத் தேய்த்துவிடும். தள்ளும் விசிறியோ உலர்ந்த புறக்காற்றில் ஓடுகிறது.

இந்தத் தூள் மனிதருக்கும் தீங்கானது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்தோறும் அதைச் சுவாசிப்போர் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை உண்டாகி, வேலை முடிந்த மாலையில் இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வருவதுண்டு. குடையின் விளிம்பு மேல்நோக்கி விரியுமுன் அறுத்துவிடுவதும், அறுவடைக்குக் கால் மணி முன்பே விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுவதும், முகக்கவசம் அணிவதும் தவிர்க்கக் கூடாதவை. அறையிலிருந்து வெளியேறும் காற்றின் வாயை அண்டை வீட்டுச் சன்னலை நோக்கி வைக்கவும் கூடாது.

உள்ளே வரும் காற்றுக்கு எத்தகைய வடிகட்டி வேண்டும் என்பதில் மிகையாகச் செலவிடுவோர் உண்டு. ஹெப்பா எனப்படும் மிக நுண்ணிய வடிகட்டி, வித்து தயாரிக்கும் அறைக்கு உரியது. அதன் முழு அளவுக் காற்றில் தூய நிலையிலேயே 250 பாஸ்கலை ஒட்டிய தடை தருவதால், கலப்பு வகை விசிறி அதன்முன் மூச்சு முட்டிப்போகும். மொட்டு விடும் அறைக்கு 40 மெஷ் நைலான் வலையும் அதன்பின் தூசியைத் தடுக்கும் பஞ்சு வடிகட்டியும் போதும். வலையைக் குழாயின் வாயிலேயே கட்டிவிடாமல், ஓர் அடிக்கு ஓர் அடி சட்டத்தில் இழுத்துக் கட்டினால் பரப்பு குழாய் வாயைப்போல் ஐந்து மடங்கு ஆகி, வலையின் தடை பொருட்படுத்தத் தகாததாகிவிடும். எடுத்துக்காட்டு அறையில் 150 மில்லிமீட்டர் குழாய் 4 மீட்டரும், இரண்டு வளைவும், பஞ்சு வடிகட்டியும், காற்றைப் பரப்பும் துளையிட்ட பாலித்தீன் குழாயும் சேர்ந்து 100 முதல் 120 பாஸ்கல் வரை ஆகலாம். வடிகட்டியில் தூசி ஏற ஏற இது உயரும் என்பதால், 150 பாஸ்கலில் 300 கன மீட்டர் தரும் விசிறியை வரைபடத்தில் தேடுவதே சரியான தேர்வு. மேலே சொன்ன 520 கன மீட்டர் விசிறி இந்த அறைக்குப் பொருந்தும். பெட்டியில் 300 என்று அச்சிட்டிருப்பது பொருந்தாது.

துளையிட்ட பாலித்தீன் குழாயைச் சற்று விளக்க வேண்டும். விசிறியின் காற்று நேராகப் படுக்கையில் வீசினால் அருகிலுள்ள மொட்டுகளின் விளிம்பு பழுப்பேறிக் காகிதம்போல் சுருளும். தூரத்துப் படுக்கைகளுக்குக் காற்றே போகாது. கூரையை ஒட்டி அறையின் நீளத்துக்குப் பாலித்தீன் குழாயைக் கட்டி, கடைமுனையை முடிந்து, இருபுறமும் சீரான இடைவெளியில் துளையிட்டால், காற்று எல்லா இடத்திலும் மென்மையாக இறங்கும். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் குறுக்குப் பரப்புக்கு ஏறத்தாழ ஈடாக இருப்பது வசதி.

விசிறி செய்ய முடியாதது

விசிறி காற்றை மாற்றும், குளிர்விக்காது. புறக்காற்று 38 டிகிரியாக இருக்கும் மே மாத நண்பகலில் அறையை 26 டிகிரியில் வைக்க விரும்பினால், மணிக்கு 300 கன மீட்டர் காற்று தன்னோடு சுமந்து வரும் வெப்பமே ஒரு கிலோவாட்டுக்கு மேல் ஆகிறது. ஈரப்பதமும் அப்படியே: 35 டிகிரியில் 40 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 26 டிகிரியில் 85 விழுக்காட்டுக்குக் கொண்டுவர, ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஏறத்தாழ 5 கிராம் நீர் சேர்க்க வேண்டும், மணிக்கு 300 கன மீட்டருக்கு அது ஒன்றரை லிட்டர். ஆகவே காற்றை ஈரத்தட்டி அல்லது நீர்ப்புகைக் கருவியின் வழியே உள்ளே விடும் ஏற்பாடு இல்லாமல் விசிறியை மட்டும் பெரிதாக்கினால் படுக்கைகள் காய்ந்துபோகும். உள்மாவட்டங்களின் வறண்ட கோடையில் ஈரத்தட்டி நன்கு குளிர்விக்கும். கடலோரத்தின் புழுக்கக் காற்றில் அது அவ்வளவாக உதவாது. கோடையில் விசிறியோடு மல்லுக்கட்டுவதைவிட, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்னும் பெயரில் வெளியிட்ட பால் காளானுக்கு மாறிவிடுவது பலருக்கு நல்ல வழி. அது 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வளரும்.

மின்மோட்டாரில் இரு வகை உண்டு. சாதாரண ஏசி மோட்டார் விலை குறைந்தது. ஆனால் கூரை விசிறிக்குரிய ரெகுலேட்டரால் வேகத்தைக் குறைத்தால் முனகும், சூடேறும், மின்சாரமும் பெரிதாக மிச்சமாகாது. ஈசி எனப்படும் மின்னணு மோட்டார் விலை கூடியது. வேகத்தை எந்த அளவுக்கும் குறைக்கலாம். சுழலும் வேகம் 80 விழுக்காடானால் காற்று 80 விழுக்காடாகவும் மின்திறன் பாதியாகவும் இறங்கும். 60 வாட் விசிறி இரவுபகல் ஓடினால் மாதம் 43 யூனிட் ஆகும் என்பதால், ஆண்டு முழுதும் வளர்ப்பவருக்கு ஈசி மோட்டாரின் கூடுதல் விலை திரும்பிவிடும். ஆண்டில் நான்கு மாதமே வளர்ப்பவருக்கு ஏசி மோட்டாரே போதும். எதை வாங்கினாலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று தகட்டில் பொறித்திருப்பதையும், தாங்கி உருளை மணிகள் கொண்டதா என்பதையும், நீர்த்தெறிப்பைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்யும் அறை ஆகையால், 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுமின் காப்பான் இல்லாமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது.

பொருத்திய விசிறி உண்மையில் எவ்வளவு காற்று தருகிறது என்பதை ஒரு பெரிய பாலித்தீன் பையால் அளந்துவிடலாம். கொள்ளளவு தெரிந்த 200 லிட்டர் பையைத் தட்டையாக மடித்து, காற்று வரும் குழாயின் வாயில் சட்டென்று பொருத்தி, அது புடைத்து நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று கைபேசியில் எண்ண வேண்டும். 2.4 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 300 கன மீட்டர்; 4 வினாடி ஆனால் 180 கன மீட்டர்தான். நான்கைந்து தடவை அளந்து சராசரி காண்பது நல்லது. அளவு குறைவானால் விசிறியைக் குறைசொல்லுமுன் வடிகட்டியைக் கழற்றிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். பெரும்பாலும் குற்றம் அங்கேயோ மடிந்து கிடக்கும் குழாயிலோதான் இருக்கும். கதவிடுக்கில் பிடித்த ஊதுபத்தியின் புகை வெளிநோக்கிச் சாய்ந்தால் அறை தள்ளும் நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். கரியமில வாயுவை நேரில் அளக்கும் கருவி வாங்குவோர், அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகையையே வாங்க வேண்டும். மலிவான கருவிகள் சில வேறு ஆவிகளை அளந்து அதிலிருந்து ஊகித்த எண்ணைக் காட்டுவதால், வைக்கோல் மணக்கும் அறையில் அவற்றை நம்ப முடியாது.

மின்தடையையும் திட்டமிடும்போதே எண்ணிப்பார்க்க வேண்டும். நன்றாக அடைத்த 34 கன மீட்டர் அறையில் 200 படுக்கை மும்முரமாக மூச்சு விடும் நாளில், விசிறி நின்ற அரை மணிக்குள் கரியமில வாயு 2000 பிபிஎம்முக்கு மேல் கூடிவிடும். ஈசி விசிறியை வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பது ஒரு வழி. எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தரையை ஒட்டியும் மற்றது கூரையை ஒட்டியுமாக, வலை கட்டிய இரண்டு சிறு கதவுகளை வைத்து, மின்சாரம் போனதும் திறந்துவிடுவது செலவில்லாத வழி.

வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டித் துவைத்து, நன்கு உலர்ந்தபின் மாட்டுவதும், அன்றே பையால் மறுபடி அளந்து அந்த எண்ணை அறைச் சுவரில் தேதியோடு எழுதிவைப்பதும் வழக்கமாக வேண்டும். எண் படிப்படியாகக் குறைந்துவருவது தெரிந்தால், தண்டு நீள்வதற்கு முன்பே சரிசெய்துவிடலாம்.